மதுரை பழைய தெருக்கள்ல ஆட்களைக் கூட்டிக்கிட்டு நடக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஞாயித்துக்கிழமை காலைல மீனாட்சியம்மன் கோயிலைச் சுத்தியுள்ள தெருக்கள்ல ஆட்களைக் கூட்டிக்கிட்டு நடக்கிறோம், காசு வாங்குறதில்ல, எங்க எல்லாருக்கும் பொழப்புக்கு வேற வேலை இருக்கு. புதுசா வந்து சேர்ற தம்பி தங்கச்சிங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் சறுக்குறாங்க. முதல்ல ராத்திரி முழுக்க உக்காந்து கதையை எழுதிடுறாங்க, அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி ரூட் போடுறாங்க, இருபது பேரையும் எங்க நிப்பாட்டப் போறோம்னு யோசிக்கிறதே இல்ல. இதை அப்படியே தலைகீழாத் திருப்பணும். நிக்கிற இடம் முதல்ல, ரூட் அடுத்து, கதை கடைசில. கீழ உள்ளதை அந்த வரிசைலதான் எழுதியிருக்கேன், தாண்டிப் போகாம படிங்க.

முன்கூட்டியே வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. கூட நிக்க ரெண்டு ஆள், ஒரு நோட்டு, மூணு கலர் பேனா (எதுக்குன்னு 5-ல சொல்றேன்), குறைஞ்சது ஆறு வாரம். ஆறு வாரம் ஜாஸ்தின்னு தோணும், ரெண்டு வாரத்துல போட்டுப் பாத்தவன்தான் சொல்றேன்.

1. ஊர் முழுக்க வேணாம், ஒரு கேள்வி போதும்

என் முதல் நடை, கோயிலைச் சுத்தி ஓடுற நாலு மாசி வீதியும் ஒரே காலைல. மேலமாசி வீதில காந்தி அரையாடைக்கு மாறின வீடு, இம்மையிலும் நன்மை தருவார் கோயில், அங்கிருந்து சுத்தி வந்து விளக்குத்தூண், திருமலை நாயக்கர் மகால். பத்தரை மணிக்கு மகால் வாசலுக்கு வந்து சேர்ந்தப்ப பாதிப் பேரைக் காணோம், இருந்த பாதியும் டீக்கடையத்தான் தேடுச்சு.

அதனால 'மதுரை வரலாறு'ன்னு எடுக்காதீங்க, ஒரு கேள்விய எடுங்க. எங்களோடது, "இந்த ஊர்க் கோட்டை எங்க போச்சு?" கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல்னு பஸ்ல கண்டக்டர் கத்துறாரு, நாமளும் இறங்குறோம், வாசல் எங்க இருக்கு? 1840-கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிச்சு அகழியத் தூத்து ஊரை விரிச்சாரு, அந்த வேலைய முன்ன நின்னு பாத்த ஆளுங்க பேர்தான் இன்னைக்கும் பெருமாள் மேஸ்திரி வீதியாவும் மாரட் வீதியாவும் மாசி வீதிக்கும் வெளிவீதிக்கும் நடுவுல கிடக்கு. இந்தக் கேள்வி கையில இருந்தா எதைக் காட்டணும்னு தெரியும், அதை விட முக்கியம் எதை விடலாம்னு தெரியும்.

வேற கேள்வி வேணும்னா இங்கன பஞ்சமே இல்ல. சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் சித்திரை வீதில ஓடாம மாசி வீதில ஓடுது? எழுத்தாணிக்காரத் தெருன்னு பேர் இருக்கே, எழுத்தாணி யாருக்கு வேணும்னு செஞ்சாங்க? ஒண்ணு போதும்.

தூரம் ஒரு கிலோமீட்டர், மிஞ்சிப் போனா ஒண்ணரை. நீங்க தனியா பதினஞ்சு நிமிஷத்துல நடக்கிறதை இருபது பேர் சேர்ந்தா முக்கால் மணி நேரம் நடப்பாங்க, ரோடு கிராஸ் பண்ணவே ஒரு யுகம் ஆகும்.

2. தனியா மூணு தடவை நடந்து பாருங்க

ஒரு தடவை நடை எந்தக் கிழமை எந்த நேரமோ அதே கிழமை அதே நேரம். ஏன்னா திங்கக்கிழமை பதினோரு மணிக்குப் பாத்த கீழமாசி வீதியும் ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்குப் பாக்கிற கீழமாசி வீதியும் ஒண்ணு இல்ல. ஒண்ணுல மூட்டையும் தள்ளுவண்டியும், இன்னொண்ணுல மாடும் ஷட்டரும்.

ரெண்டாவது தடவை வேலை நாள்ல போங்க, கடைக்காரங்க அப்பதான் இருப்பாங்க, பேசிப் பழகலாம். மூணாவது தடவை உங்க அம்மாவையோ பெரியம்மாவையோ கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்க எங்க உக்காரத் தேடுறாங்க, எந்தப் படிக்கட்டுல தயங்குறாங்க, எப்ப 'இன்னும் எவ்வளவு தூரம்டா'ன்னு கேக்குறாங்க, அதைக் குறிச்சுக்கங்க. அந்த இடத்துலதான் உங்க கூட்டமும் சோர்ந்து போகும்.

டாய்லெட்டைப் பத்தி ஆம்பளப் பசங்க யாரும் குறிச்சுட்டு வர்றதில்ல. கோயில் பக்கம் இருக்கிறது அந்நேரம் திறந்திருக்கா, தண்ணி வருதா, குழுவுல இருக்கிற ஒரு பொண்ணு உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்லணும். இது தெரியாம ரெண்டு மணி நேர நடைக்குப் பொம்பளைங்களைக் கூப்பிடாதீங்க.

3. நிக்கிற இடத்தைப் பிடிங்க

இதுலதான் நேரம் செலவழிக்கணும். நடக்கிறப்ப யாரும் யார் பேசுறதையும் கேக்குறதில்ல, கேக்குறது எல்லாம் நிக்கிறப்பதான், அப்ப நிக்கிற இடம் சரியில்லைன்னா நீங்க எவ்வளவு படிச்சிட்டு வந்தாலும் வீண்.

ஒரு இடம் தேறணும்னா நாலு விஷயம் பாக்கணும். இருபது பேர் அரைவட்டமா நிக்க எடம் இருக்கா, நிழல் விழுதா, யார் வாசலையாவது மறைக்கிறோமா, காட்டப் போற பொருள் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியுதா. நாலுல மூணு இருந்தாப் போதும்னு நினைப்பீங்க, பத்தாது.

நிழல் கணக்கு லேசானதுதான். காலைல வெயில் கிழக்க இருந்து வரும், அதனால வடக்கு தெற்கா ஓடுற தெருவுல கிழக்கு வரிசைக் கட்டடத்தை ஒட்டி நின்னா நிழல். நின்னுக்கிட்டு மேற்க பாத்தா வெயில் பட்டு மின்னுற கோபுரம். பேசுற ஆள் மட்டும் வெயிலைப் பாத்து நிக்கணும், கேக்குறவங்க கண்ணுல வெயில் அடிச்சா அஞ்சே நிமிஷத்துல போனை எடுத்துருவாங்க. இதையே சாயந்தரம் நடந்தா எல்லாம் மாறிடும், காலை ரூட்டை அப்படியே சாயந்தரத்துக்குப் போடாதீங்க.

வாசல் மறைக்கிறது இங்க சாதாரண விஷயம் இல்லீங்க. ஒரு தடவை முப்பது பேரை ஒரு கடை முன்னாடி நிப்பாட்டிட்டேன், அண்ணன் அப்பதான் கடையத் தொறந்து தண்ணி தெளிச்சு சாமி படத்துக்குப் பூ வச்சுக்கிட்டு இருந்தாரு, இன்னும் போணி ஆகல. அவர் கத்தினதுல தப்பே கிடையாது. போணி ஆகாத கடை முன்னாடி கூட்டம் கூடி ஒண்ணும் வாங்காம போச்சுன்னா அன்னைக்கு முழுக்க அவருக்கு மனசு ஆறாது. மூடின கடை முன்னாடி நில்லுங்க, இல்ல ரெண்டு கடைக்கு நடுவுல உள்ள குருட்டுச் சுவரைப் பிடிங்க.

விளக்குத்தூணைக் காட்ட அதுக்கு அடியிலயே போய் நிக்கிறவங்க ஜாஸ்தி. அது கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேர்ற முக்கு, நாலு பக்கமும் வண்டி. நூறு அடி தள்ளி மூடின ஷட்டர் ஓரமா நின்னு அங்கிருந்து கையைக் காட்டுங்க, கூட்டம் பிரியுறப்ப வேணும்னா கிட்ட போய்ப் பாத்துக்கட்டும். பத்துத்தூண் சந்துல நிலைமை அதுக்கு நேர்மாறு, துணிக்கடைங்களுக்கு நடுவுல தூண் அடைஞ்சு கிடக்கும், தள்ளி நின்னா ஒண்ணும் தெரியாது, கிட்ட போனா எடம் பத்தாது. ரெண்டு பங்காப் பிரிச்சு பத்துப் பத்துப் பேரா உள்ள விடுங்க. பத்துத் தூணுக்குப் பத்துப் பேர்னு ஞாபகம் வச்சுக்கங்க.

மொத்தம் ஆறு ஏழு நிறுத்தம் போதும், ஒண்ணுக்கு ஆறு ஏழு நிமிஷம்.

4. வரிசையைக் கதை வச்சுப் போடாதீங்க, கதவு திறக்கிற நேரம் வச்சுப் போடுங்க

வர்ற எல்லாரும் மகால்ல ஆரம்பிக்கணும்னுதான் சொல்வாங்க, பிரமாண்டமா இருக்கும்ல. ஆனா மகால் காலைல ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், ஒன்பதுக்கு நடையை ஆரம்பிச்சா பத்தரைக்கு நம்ம ஊரு வெயில்ல கருவாடுதான். அதனால மகால் கடைசி. கிழக்குச் சித்திரை வீதில ஆறே முக்காலுக்கு ஆரம்பிச்சு, புதுமண்டபம், ராயகோபுரம், ஏழுகடல் தெரு, தேர் நிக்கிற தேர்முட்டி, விளக்குத்தூண், பத்துத்தூண்னு தெக்க இறங்கி வந்தா, நடுவுல டீக்கு இருபது நிமிஷம் விட்டாலும் ஒன்பதுக்கு மகால் வாசல். அதுக்கு மேல நிழலும் விசிறியும் உள்ள இருக்கு, யாரும் முணுமுணுக்க மாட்டாங்க.

டீன்னு சொன்னேன், ஜிகர்தண்டான்னு சொல்லல, கவனிங்க. வெளியூர்க்காரங்களை இழுக்கணும்னு மெசேஜ்ல ஜிகர்தண்டா போட்டுட்டு எட்டு மணிக்கு மூடின ஷட்டர் முன்னாடி நின்ன தம்பி ஒருத்தன் எங்ககிட்ட இருக்கான், இன்னமும் அவனை ஓட்டுவோம்.

கோயிலுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ள செல்போனுக்குத் தடை, இருபது பேர் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கி செருப்பு விட்டு செக்கிங் முடிச்சு உள்ள போறதுக்கே அரை மணி நேரம் போயிரும். வேற மதத்துக்காரங்க வந்திருந்தா கருவறைப் பக்கம் அவங்களை மட்டும் வெளிய நிறுத்தணும், கூட்டிட்டு வந்த நமக்கு அது சங்கடம். அதோட உள்ள கைடு அண்ணங்க அதை வச்சுத்தான் சோறு சாப்பிடுறாங்க, ஓசில நாம போய் அந்த வேலையைப் பண்ணக் கூடாதுங்கிறது என் கருத்து. சித்திரை வீதில வண்டி வராது, வெளிய நின்னே மணிக்கணக்காப் பேசலாம்.

5. இப்பதான் கதை

மூணு கலர் பேனா கேட்டேன்ல. கல்வெட்டுலயோ அரசாங்கப் பதிவுலயோ நல்ல வரலாற்றுப் புத்தகத்துலயோ இருக்கிறது நீலத்துல. தெருவுல உள்ள ஆளுங்க சொன்னது பச்சைல. புராணம் சிவப்புல. மூணையும் சொல்லலாம், தப்பே இல்ல, ஆனா கேக்குறவங்களுக்கு எது எந்தக் கலர்னு தெரியணும்.

ஏழுகடல் தெருவையே எடுத்துக்கங்க. மீனாட்சியோட அம்மா காஞ்சனமாலை கடல்ல நீராட ஆசைப்பட்டதால ஏழு கடலையும் சிவன் இங்க வரவழைச்சாருங்கிறது சிவப்பு. அந்தப் பேர்ல ஒரு தெப்பம் இருந்து, இப்ப அந்த இடத்துல கடைக் கட்டடம் நிக்கிறது நீலம். மகால்ல இருந்து கோயிலுக்கு சுரங்கம் போகுதுன்னு ஒவ்வொரு நடைலயும் ஒருத்தராவது சொல்வாரு, அது பச்சை. 'அப்படித்தான் சொல்லிக்கிறாங்க ஐயா'ன்னு சிரிச்சுட்டுப் போயிருங்க, மறுக்கவும் வேணாம் ஆமா போடவும் வேணாம்.

மகால் வாசல்ல நீலத்துலயே நிறைய இருக்கு. 1636-ல திருமலை நாயக்கர் கட்டினது, பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்ப ஒரு பகுதியைப் பிரிச்சு எடுத்துட்டாரு, பின்னாடி நேப்பியர் பிரபு மெட்ராஸ் கவர்னரா இருந்தப்ப (1866-72) சீர்படுத்தினாங்க. இதை மகால் உள்ள சொல்றதை விட பத்துத்தூண்ல நின்னு சொல்லணும், ஏன்னா அந்தத் தூணும் ஒரு காலத்துல அரண்மனையோடதுதான், அது இப்ப நைட்டிக்கும் லுங்கிக்கும் நடுவுல நிக்கிறதைப் பாத்துக்கிட்டே கேட்டாதான் எவ்வளவு போயிருக்குன்னு உறைக்கும்.

இதான் விதி: கண்ணு முன்னாடி இல்லாததைப் பத்தி ரெண்டு வாக்கியத்துக்கு மேல பேசாதீங்க. ராயகோபுரத்துகிட்ட நின்னா அரசர் பட்டியல் வேணாம், முடிக்காம விட்ட அந்த ரெண்டு பக்க நிலைக்காலை மேல பாக்கச் சொல்லுங்க, இது முடிஞ்சிருந்தா எவ்வளவு ஒசரம் வந்திருக்கும்னு கேளுங்க, தெற்குக் கோபுரமே ஏறத்தாழ 170 அடின்னு சொல்லிட்டு வாயை மூடிக்கங்க. அவங்களே பேசுவாங்க.

வருஷம் சொல்றப்ப ஜாக்கிரதை. முதல் நடைல மேலமாசி வீதில நின்னு காந்தி ஆடை மாத்தினது 1931-ன்னு அடிச்சு விட்டேன், திண்ணைல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த பெரியவர் கண்ணாடியக் கூடக் கழட்டாம, 'தம்பி, 1921 செப்டம்பர் 22'-ன்னாரு. அந்தக் கூட்டத்துல அதுக்கப்புறம் நான் சொன்ன எதையும் யாரும் நம்பல.

6. சொல்லிட்டுச் செய்யுங்க

பகுதி போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு பேப்பர் கொடுத்து வைங்க. தேதி, நேரம், தெருக்கள், எத்தனை பேர், ரெண்டு போன் நம்பர், அவ்வளவுதான். காப்பில சீல் வாங்கிக்கங்க. கோயிலைச் சுத்திப் பாதுகாப்பு ஜாஸ்தி, கூட்டமா நின்னு கையைக் காட்டிப் பேசினா யாராவது வந்து கேக்கத்தான் செய்வாங்க, பேப்பரைக் காட்டினா பேச்சு அதோட முடிஞ்சிரும். ட்ரோன் பேச்சை மட்டும் எடுக்காதீங்க.

காஜிமார் தெரு பள்ளிவாசல் பக்கமோ வேற வழிபாட்டு இடத்துக்கோ போறதா இருந்தா அங்க பொறுப்புல உள்ளவங்களை நேர்ல போய்ப் பாத்துக் கேளுங்க, போன்ல வேணாம். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பக்கமே போகாதீங்க. மகால் தெருக்கள்ல சௌராஷ்டிரா வீடுகள்ல சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறதைப் பாக்கணும்னா முதல் நாள் சாயந்தரம் கேட்டுட்டு, அன்னைக்குக் காலைல இன்னொரு தடவையும் கேளுங்க. வீடுங்க அது, யாருக்காவது காய்ச்சலா இருக்கலாம்.

7. மூணு பேர் இல்லாம கிளம்பாதீங்க

முன்னாடி போறவர் பேசுறவர். கடைசில வர்றவர் வால். நடுவுல ஒருத்தர் ரோடு கிராசிங், வெயில், டைம் பாத்துக்குவாரு. இதுல புதுசா வர்றவங்களுக்கு எல்லாம் முன்னாடி போகத்தான் ஆசை, ஆனா நான் நல்ல ஆளை வாலுக்குத்தான் போடுவேன். கோலத்தை போட்டோ எடுத்துக்கிட்டு நின்னுட்ட அக்கா, செருப்பு அறுந்த பெரியவர், மாட்டைப் பாத்து பயந்த பிள்ளை, எல்லாம் வால் கணக்கு. பையில தண்ணி, பேண்டேஜ், ஒரு குடை, பேர் லிஸ்ட்.

ஒரே ஒரு கட்டளை: வால் கையத் தூக்குற வரைக்கும் முன்னாடி உள்ளவர் வாயைத் திறக்கக் கூடாது. இதைப் பின்பற்றலைன்னா பின்னாடி வர்ற நாலு பேர் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் கதையோட பாதிலதான் வந்து சேருவாங்க, மூணாவது நிறுத்தத்துல வீட்டுக்குப் போயிருவாங்க.

8. ஆள் சேர்க்கிறதும் தேதி பிடிக்கிறதும்

இருபது பேர், அதுக்கு மேல வேணாம். ஓசிங்கிறதால பேர் கொடுத்துட்டு வராதவங்க இருப்பாங்க, நாங்க முப்பது பேர் பேர் வாங்கினா இருபதுதான் வந்து நிக்கும். மெசேஜ்ல சேர்ற இடம், முடியுற இடம் (வண்டிய எங்க விடுறதுன்னு அவங்க முடிவு பண்ணணும்ல), தூரம், டாய்லெட், மகால் டிக்கெட் அவங்கவங்க எடுக்கணும், கோயிலுக்குள்ள போகலைங்கிறது, எல்லாம் இருக்கணும். கடைசி ஒண்ணை விட்டுட்டீங்கன்னா யாராவது பட்டுச்சேலை கட்டி அர்ச்சனைத் தட்டோட வந்து நிப்பாங்க, நடந்திருக்கு.

சித்திரைத் திருவிழா நாட்கள் வேணாம், பெரிய முகூர்த்த ஞாயிறு வேணாம், கார்த்திகை மார்கழில ஐயப்பமார் கூட்டம் சித்திரை வீதிய நிறைச்சிரும். தை, மாசிதான் சுகம். பங்குனிக்கு மேல நேரத்தை இன்னும் முன்னாடி இழுங்க.

9. ஒத்திகை

நண்பர்கள் ஏழெட்டுப் பேரை வச்சு முழுசா ஓட்டிப் பாருங்க, அதுல குறுக்க பேசுற ஒருத்தன் கண்டிப்பா இருக்கணும். வாட்ச் வச்சு ஒவ்வொரு நிறுத்தத்தையும் அளங்க. பத்து நிமிஷம் தாண்டினா வேகமாப் பேசி சரிக்கட்டாதீங்க, கதையைத்தான் வெட்டணும். வெட்ட மனசு வராது, தெரியும்.

10. அன்னைக்குக் காலைல

முக்கால் மணி நேரம் முன்னாடியே போய் ரூட்டைக் கடைசில இருந்து பின்னோக்கி ஒரு தடவை நடந்துருங்க. ராத்திரியோட ராத்திரியா தெரு மாறியிருக்கும். பந்தல் போட்டிருப்பாங்க, பள்ளம் தோண்டியிருப்பாங்க. ஒரு தடவை நாங்க நிக்கிறதா இருந்த முக்குல துக்க வீடு, பிளாஸ்டிக் சேர் போட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க. கூட்டத்தைப் பக்கத்துத் தெரு வழியாக் கொண்டு போயிட்டோம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மாத்து இடம் ஒண்ணு நோட்டுல இருக்கணும்னு அன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு.

மைக் வேணும்னா இடுப்புல மாட்டுற சின்னது போதும், ஆனா வீடு உள்ள தெருவுல ஏழு மணிக்கு அதைப் போடாதீங்க, ஞாயித்துக்கிழமை தூங்குறவன் சாபம் விடுவான். திண்ணைல உக்காந்திருக்கிறவங்களைக் கேக்காம போட்டோ எடுக்கக் கூடாதுன்னு கிளம்புறப்பவே சொல்லிருங்க, பாதி வழில சொன்னா குறிப்பிட்ட ஒருத்தரைத் திட்டின மாதிரி ஆயிரும்.

கூட்டத்துல உங்களை விட விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர் வருவாரு, வராம இருக்கவே மாட்டாரு. சண்டைக்குப் போகாம ஒரு நிறுத்தத்துல ரெண்டு நிமிஷம் அவர்கிட்ட கொடுத்துருங்க. அதுக்கு மேல போனா நடுவுல உள்ளவர் வாட்சைக் காட்டணும், அதுக்குத்தான் அவரு.

11. முடிஞ்ச பிறகு

மகால் வாசல்ல நன்றி சொல்லிட்டு உடனே கலைஞ்சுருங்க, குரூப் போட்டோ அஞ்சு நிமிஷம். வேலை நாள்ல ஒரு தடவை ரூட்ல உள்ள கடைங்களுக்குப் போய் ஏதாவது வாங்குங்க, ஒரு கைக்குட்டையாவது. யாரையாவது கேட்டு போட்டோ எடுத்திருந்தா பிரிண்ட் போட்டுக் கொண்டு போய்க் கொடுங்க. அடுத்த நடைல அந்தத் தெருவுல உங்களுக்குத் தண்ணி கொடுப்பாங்க.

அன்னைக்கு ராத்திரியே நோட்டை எடுங்க. எந்தக் கேள்விக்கு முழிச்சீங்க, எங்க வெயில் அடிச்சுது, எந்த நிறுத்தத்துல போனை எடுத்தாங்க. தப்பா ஏதாவது சொல்லியிருந்தா அந்த இருபது பேருக்கும் தூங்குறதுக்கு முன்னாடி திருத்தி மெசேஜ் போட்டுருங்க, இல்லன்னா அடுத்த லீவுக்கு வர்ற சொந்தக்காரங்களை அதே தெருவுக்குக் கூட்டிட்டு வந்து அதையே சொல்லிக்கிட்டு இருப்பாங்க, அந்த வழியா நாம போறப்ப நம்ம காதுலயே விழும்.